விருப்ப லைப்ரரிகள்: இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்

மலேசியாவில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) உட்கார்ந்து "ரொட்டி கோசோங் ஒண்ணு" என்றால் வெறும் ரொட்டி வரும். "தெலூர்" என்றால் முட்டை சேரும். "தெலூர் பாவாங்" என்றால் வெங்காயமும் சேரும். முட்டை தீர்ந்துபோன நாளில் யாரும் கடையை மூடுவதில்லை. கோசோங் கேட்டவருக்குக் கோசோங் கிடைக்கும். முட்டை கேட்டவரிடம் மட்டும், ஆர்டர் எடுக்கும்போதே, "முட்டை முடிஞ்சிருச்சுண்ணே" என்று சொல்லிவிடுவார்கள். பலரும் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதப்படும் ஒரு ஃப்ரேம்வொர்க்கும் தன்னுடைய துணை லைப்ரரிகளிடம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். கேட்காதவரை அது தொந்தரவு செய்யக்கூடாது. கேட்டவரிடம், கேட்ட இடத்திலேயே, இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சொல்வது எளிது. நிரலில் இதைச் சரியாகச் செய்வதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. இங்கே பைத்தானை வைத்து விளக்குகிறோம்; மற்ற மொழிகளைக் கடைசிப் பகுதியில் தொட்டுக்கொள்வோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டுங்கள். இன்னொன்று: ஒரு நிரல் நாடியிருக்கும் லைப்ரரியைக் குறிக்கும் 'டிபெண்டன்சி' என்பதைப் பலர் 'சார்பு' என்று எழுதுகிறார்கள். பள்ளிக் கணக்கில் 'சார்பு' என்றால் ஃபங்ஷன். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் குழப்பம்தான். அதனால் இங்கே 'விருப்ப லைப்ரரி', 'கட்டாய லைப்ரரி' என்றே சொல்கிறோம்.

ஒரு ஃப்ரேம்வொர்க், மூன்று கடைகள்

சிறு கடைகளுக்கான பில்லிங் ஃப்ரேம்வொர்க் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெயர் 'கல்லா'. பினாங்கு லெபோ பாசாரில் உள்ள மசாலாக் கடைக்குத் தமிழில் ரசீது அச்சாக வேண்டும். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் உள்ள சேலைக் கடைக்கு மாதக் கணக்கு எக்செல் கோப்பாக வேண்டும். கணக்காளர் அதைத்தான் கேட்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள மொத்த வியாபாரிக்கு உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு இ-இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும்.

மூவருக்கும் பொதுவானது விற்பனையைப் பதிந்து, கூட்டி, வரி போட்டு, சேமித்து வைக்கும் பகுதி. பைத்தானோடு வரும் லைப்ரரிகளே அதற்குப் போதும். எக்செல்லுக்கு ஓபன்பைஎக்செல் வேண்டும். தெர்மல் பிரிண்டருக்குப் பைத்தான்-எஸ்க்பாஸ் வேண்டும். தமிழ் ரசீதைப் படமாக வரைவதற்குப் பில்லோ வேண்டும். இ-இன்வாய்ஸுக்கு டிஜிட்டல் கையொப்பம் போடக் கிரிப்டோகிராஃபி வேண்டும்.

எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிட்டால் என்ன? முதல் சிக்கல் நிறுவும்போதே வரும். கிரிப்டோகிராஃபி லைப்ரரியின் 3.4 பதிப்பிலிருந்து, மூலத்திலிருந்து கட்டுவதற்கு ரஸ்ட் என்னும் மொழியின் கம்பைலர் தேவை. உங்கள் கணினிக்கேற்ற 'வீல்' என்னும் ஆயத்தப் பேக்கேஜ் இருந்தால், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் அதை இறக்கிக்கொள்ளும். கடையில் இருப்பது பழைய கணினி, அதில் பழைய பிப் என்றால், பொருத்தமான வீலை அடையாளம் காணத் தெரியாமல் மூலத்தை இறக்கிக் கட்டப் பார்க்கும். ரஸ்ட் இல்லை என்று நின்றுவிடும். வாழ்நாளில் ஓர் இ-இன்வாய்ஸ்கூட அனுப்பாத மசாலாக் கடைக்கு, இ-இன்வாய்ஸ் லைப்ரரியால் ரசீதே அச்சாகாத நிலை வந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் மோதல். உங்கள் ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர் தம்முடைய நிரலில் ஏற்கெனவே பில்லோவின் வேறொரு பதிப்பை வைத்திருக்கலாம். ஒரு சூழலில் ஒரு லைப்ரரிக்கு ஒரு பதிப்புதான் இருக்க முடியும். நீங்கள் கட்டாயமாக்கும் ஒவ்வொரு பெயரும் அவரோடு மோதுவதற்கு இன்னொரு வாய்ப்பு. மூன்றாவது பராமரிப்பு: ஒரு லைப்ரரியில் பாதுகாப்புக் குறை வெளிவந்தால், அதைத் தொடாத கடைகளும் புதுப்பிக்க வேண்டிவரும்.

எதைக் கட்டாயமாக்குவது, எதை விருப்பமாக்குவது என்று தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: இந்த லைப்ரரி இல்லாமல் யாராவது ஒருவருக்காவது ஃப்ரேம்வொர்க் முழுமையாகப் பயன்படுமா? ஆம் என்றால் விருப்பம். கேள்வியைத் திருப்பியும் கேட்டுப் பாருங்கள். பத்து வரியில் நீங்களே எழுதக்கூடிய வேலைக்கு ஒரு லைப்ரரியை விருப்பமாகக்கூடச் சேர்க்கத் தேவையில்லை. ஒரு தாளில் நூறு வரிசைகளை எழுதுவதற்கு, தரவு அட்டவணைகளை அலசும் லைப்ரரியான பாண்டாஸ் வேண்டாம்; அது நம்பை என்ற இன்னொரு லைப்ரரியையும் இழுத்துவரும். ஓபன்பைஎக்செல் தனியாகவே அந்த வேலையைச் செய்யும்.

அறிவிப்பது எங்கே

பைத்தான் திட்டத்தின் விவரங்களை எழுதும் பைபுராஜெக்ட்.டாம்ல் கோப்பில் 'ஆப்ஷனல்-டிபெண்டன்சிஸ்' என்றொரு பகுதி உண்டு. 2020இல் வந்த பெப் 621 (பைத்தானின் மேம்பாட்டு முன்மொழிவுகளில் ஒன்று) இதன் வடிவத்தை வரையறுத்தது. அங்கே ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு நேரே லைப்ரரிகளின் பட்டியலும் தர வேண்டும். இந்தப் பெயரை 'எக்ஸ்ட்ரா' என்பார்கள். பயனர், பிப் இன்ஸ்டால் "கல்லா[எக்செல்]" என்று தட்டினால், கல்லாவோடு ஓபன்பைஎக்செல்லும் சேர்ந்து வரும்.

எக்ஸ்ட்ராவுக்கு வேலையின் பெயரை வையுங்கள், லைப்ரரியின் பெயரை வைக்காதீர்கள். 'எக்செல்' என்று வைத்தால், நாளைக்கு வேறு லைப்ரரிக்கு மாறினாலும் பயனர் தட்டும் கட்டளை மாறாது. 'ஓபன்பைஎக்செல்' என்று வைத்தால் அந்த வசதி போய்விடும். பதிப்பைக் குறிக்கும்போது கீழ் எல்லையை மட்டும் கொடுங்கள். உங்களுக்குத் தேவையான ஃபங்ஷன் எந்தப் பதிப்பில் வந்ததோ அதுதான் எல்லை. மேல் எல்லையும் போட்டுப் பூட்டினால், மேலே சொன்ன மோதலை நீங்களே அழைத்து வருகிறீர்கள்.

மேற்கோள் குறிகளை விட்டுவிடக்கூடாது. மேக் கணினிகளில் 2019 முதல் இயல்பாக வரும் ஜீஷெல் என்ற கட்டளை ஓடு, சதுர அடைப்பைக் கோப்புப் பெயர் தேடும் குறியாக எடுத்துக்கொண்டு, பொருந்தும் கோப்பு இல்லை என்று நிறுத்திவிடும். பிப்புக்குக் கட்டளை போய்ச்சேரவே சேராது. உங்கள் ஆவணத்திலும் பிழைச் செய்திகளிலும் மேற்கோளோடே எழுதிவிடுங்கள். புதியவர் ஒருவரின் அரை மணி நேரம் மிச்சம்.

பிப் பற்றி மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். பின்னால் எழுதப்போகும் நிரல் முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒன்று, எக்ஸ்ட்ராவின் பெயரைத் தவறாகத் தட்டினால் பிப் நிற்காது. அப்படி ஓர் எக்ஸ்ட்ரா இல்லை என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு, மற்றதை நிறுவி வெற்றிகரமாக முடிக்கும். திரையில் ஓடும் நாற்பது வரிகளில் அந்த ஒரு வரியை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு, எந்த எக்ஸ்ட்ராவைக் கேட்டு நிறுவினார்கள் என்பதைப் பிப் எங்கும் எழுதி வைப்பதில்லை. 'எக்செல் எக்ஸ்ட்ரா நிறுவப்பட்டிருக்கிறதா' என்று நிரலுக்குள்ளிருந்து கேட்க வழி கிடையாது. 'ஓபன்பைஎக்செல் இருக்கிறதா' என்றுதான் கேட்க முடியும்.

மூன்று, எக்ஸ்ட்ராவில் நீங்கள் எழுதிய பதிப்பு எல்லை, அந்த எக்ஸ்ட்ரா வழியாக நிறுவுபவருக்கு மட்டும்தான். மூன்று வருடத்துக்கு முன் வேறு வேலைக்காக நிறுவிய பழைய ஓபன்பைஎக்செல் அந்தக் கணினியில் கிடந்தால், வெறும் கல்லாவை நிறுவும்போது பிப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் நிரல் அந்தப் பழைய பதிப்பைத்தான் இம்போர்ட் செய்யும், அதாவது தனக்குள் ஏற்றிக்கொள்ளும். ஆகவே பதிப்பை ஓடும் நேரத்திலும் சரிபார்க்க வேண்டும்.

சோதனைக் கருவிகள், நிரலை ஒழுங்குபடுத்தும் கருவிகள் போன்றவை எக்ஸ்ட்ராவில் வரவே கூடாது. அவை உங்களுக்கானவை, பயனருக்கானவை அல்ல. அவற்றுக்காகவே 2024இல் ஏற்கப்பட்ட பெப் 735 'டிபெண்டன்சி குரூப்ஸ்' என்ற தனிப் பகுதியைக் கொண்டுவந்தது. அதில் எழுதுவது வெளியிடும் பேக்கேஜில் சேராது.

இம்போர்ட்டை எங்கே எழுதுவது

புதியவர்கள் முதலில் எழுதுவது கோப்பின் தலையில் நேரடியான இம்போர்ட். ஓபன்பைஎக்செல் இல்லாத கணினியில் அந்தக் கோப்பே ஏறாது. அந்தக் கோப்பை ஃப்ரேம்வொர்க்கின் தொடக்கக் கோப்பு இழுத்தால், ஃப்ரேம்வொர்க் முழுவதும் ஏறாது. முட்டை இல்லாததால் கடையையே சாத்தியாகிவிட்டது.

அடுத்து எழுதுவது ட்ரை, எக்ஸெப்ட். இம்போர்ட் செய்து பார், இம்போர்ட்எரர் வந்தால் அந்தப் பெயருக்கு நன் என்ற வெற்று மதிப்பைக் கொடு, மேலே போ. இதை ஆயிரக்கணக்கான திட்டங்களில் பார்க்கலாம். ஓரளவு வேலையும் செய்யும். ஆனால் இதில் இரண்டு குழிகள் உண்டு.

முதல் குழி: பிழை தள்ளிப்போகிறது. ஃப்ரேம்வொர்க் நன்றாகத் தொடங்கும், நாள் முழுக்க ஓடும். மாதக் கடைசி இரவில் சேலைக் கடைக்காரர் 'எக்செல்' பொத்தானை அழுத்தும்போது, நன்டைப்பில் வொர்க்புக் என்ற பண்பு இல்லை என்று ஒரு பிழை வரும். அதைப் படித்து 'ஓ, ஒரு லைப்ரரி நிறுவ வேண்டும் போலிருக்கிறது' என்று யாராலும் ஊகிக்க முடியாது.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். இம்போர்ட்எரர் என்பது 'லைப்ரரி இல்லை' என்பதற்கு மட்டும் வருவதில்லை. லைப்ரரி இருக்கிறது, ஆனால் அதற்குள்ளே ஒரு டிஎல்எல் (விண்டோஸில் ஓடும் நேரத்தில் ஏற்றப்படும் துணைக் கோப்பு) ஏறவில்லை என்றாலும் அதே பிழைதான் வரும். பொத்தாம்பொதுவாகப் பிடித்து விழுங்கினால், உடைந்த லைப்ரரியும் இல்லாத லைப்ரரியும் ஒன்றாகிவிடுகின்றன. பயனர் திரும்பத் திரும்ப நிறுவுவார். பிப் "ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லும். உங்கள் நிரல் "இல்லை" என்று சொல்லும். நடுவில் அவர் தவிப்பார்.

பைத்தான் 3.6 முதல் மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் என்ற குறுகலான பிழை வகை இருக்கிறது. அதைத்தான் பிடிக்க வேண்டும். அதிலும் 'நேம்' என்ற பண்பைப் பார்க்க வேண்டும். ஓபன்பைஎக்செல் உள்ளே இருந்து, அது கேட்கும் இன்னொரு லைப்ரரி இல்லாமல் போனாலும் இதே வகைப் பிழைதான் வரும். 'நேம்' மட்டும் வேறாக இருக்கும்.

ஆகவே இதையெல்லாம் ஒரே இடத்தில் செய்யும் ஒரு சிறு ஃபங்ஷனை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் 'தேவை' என்று இருக்கட்டும். அதற்கு நான்கு தகவல்களைக் கொடுக்கிறோம்: இம்போர்ட் செய்யும் பெயர், பிப்பில் நிறுவும் பெயர், நம் எக்ஸ்ட்ராவின் பெயர், குறைந்தபட்சப் பதிப்பு. அது முதலில் இம்போர்ட்லிப்பின் இம்போர்ட்_மாட்யூல் வழியாக லைப்ரரியை ஏற்றப் பார்க்கும். மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் வந்து, அதன் 'நேம்' நாம் கேட்ட பெயராகவே இருந்தால், நம்முடைய சொந்தப் பிழையை எழுப்பும். வேறு எந்தப் பிழை வந்தாலும் கைவைக்காமல் அப்படியே மேலே விடும். ஏறிவிட்டால், இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா மூலம் நிறுவப்பட்ட பதிப்பை வாங்கி ஒப்பிடும். எல்லாம் சரியென்றால் மாட்யூலை, அதாவது ஏற்றிய நிரலை, திருப்பித் தரும்.

பதிப்புகளை எழுத்துச் சரங்களாக ஒப்பிடாதீர்கள். சரமாகப் பார்த்தால் 3.10 என்பது 3.9ஐ விடச் சிறியது. புள்ளியில் பிரித்து எண்களாக ஒப்பிட வேண்டும். இதற்கென்றே 'பேக்கேஜிங்' என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. ஆனால் அதைச் சேர்த்தால் அது ஒரு கட்டாய லைப்ரரி ஆகிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்செல் எழுதும் ஃபங்ஷனின் முதல் வரியில் 'தேவை'யை அழைத்து மாட்யூலை வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் இம்போர்ட் செய்தால் மெதுவாகாதா என்று சிலர் கேட்பார்கள். முதல் முறை ஏறிய மாட்யூலைப் பைத்தான் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதிலிருந்து எடுப்பதுதான். ஒரு கோப்பை எழுதும் வேலைக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. பதிப்புச் சரிபார்ப்பை மட்டும் ஒருமுறை செய்து முடிவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பாண்டாஸின் உள்ளேயும் ஏறக்குறைய இதே அமைப்புதான். விருப்ப லைப்ரரிகளின் பெயரும் குறைந்தபட்சப் பதிப்பும் கொண்ட ஓர் அகராதி, அதைப் பார்த்து இம்போர்ட் செய்யும் ஒரே ஃபங்ஷன். திறந்த மூலம்தான், 'இம்போர்ட்_ஆப்ஷனல்_டிபெண்டன்சி' என்று தேடிப் படித்துப் பாருங்கள். புதியவர்களுக்கு நல்ல பாடம்.

'ஃபைண்ட்_ஸ்பெக்' என்ற வழியும் உண்டு. லைப்ரரியை ஏற்றாமலே அது இருக்கிறதா என்று பார்க்கும். பட்டியல் காட்டுவதற்கு நல்லது. ஆனால் அது சொல்வது 'இந்தப் பெயரில் ஏதோ இருக்கிறது' என்பதை மட்டும்தான். நிரல் ஓடும் இடத்தில், வரைந்த கியூஆர் படங்களைப் போட்டுவைக்க 'கியூஆர்கோட்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தால், அதே பெயருள்ள லைப்ரரி நிறுவப்படாத கணினியில் பைத்தான் அந்த ஃபோல்டரையே ஒரு மாட்யூலாக எடுத்துக்கொள்ளும். ஃபைண்ட்_ஸ்பெக் 'இருக்கிறது' என்று சொல்லும். இம்போர்ட்கூட வெற்றி பெறும். உள்ளே ஒன்றும் இருக்காது. மெட்டாடேட்டாவில் பதிப்பைக் கேட்கும் படி இங்கேதான் காப்பாற்றுகிறது: ஃபோல்டருக்குப் பதிப்பு கிடையாது, உடனே பிடிபட்டுவிடும்.

பிழைச் செய்தி

இதில் நேரம் செலவழியுங்கள். பயனர் உங்கள் ஆவணத்தைப் படிக்காமல் இருக்கலாம், பிழைச் செய்தியைப் படித்தே ஆக வேண்டும்.

பைத்தான் தானாகத் தரும் செய்தி 'எஸ்க்பாஸ் என்ற மாட்யூல் இல்லை' என்று மட்டும் சொல்லும். பயனர் அதே பெயரைப் பிப்பிடம் கேட்பார். ஆனால் பிப்பில் அதன் பெயர் பைத்தான்-எஸ்க்பாஸ். இப்படி இம்போர்ட் பெயரும் நிறுவும் பெயரும் வேறுபடும் லைப்ரரிகள் நிறைய. பில்லோவை இம்போர்ட் செய்வது 'பில்' என்ற பெயரில். பையாம்லை 'யாம்ல்' என்ற பெயரில். ஓபன்சிவியை 'சிவி2' என்ற பெயரில். தவறான பெயரில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சம்பந்தமில்லாத வேறொரு பேக்கேஜும் கிடைக்கலாம், அது இன்னும் மோசம்.

நம் செய்தி இப்படி இருக்கட்டும்:

"எக்செல் கோப்பு எழுத ஓபன்பைஎக்செல் 3.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு தேவை. இந்தப் பைத்தானில் அது இல்லை. நிறுவ: பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் "கல்லா[எக்செல்]". இப்போது ஓடும் பைத்தான் இருக்கும் இடம்:" என்று சொல்லி, அதன் பின்னால் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் தரும் பாதை.

கடைசி வரி பலருக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் 'நிறுவிட்டேன், இன்னும் இல்லை என்கிறது' என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம், ஒரு கணினியில் இரண்டு பைத்தான்கள் இருப்பதுதான். பிப் ஒன்றில் நிறுவியிருக்கும், நிரல் மற்றொன்றில் ஓடிக்கொண்டிருக்கும். பாதையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிடும்.

அந்தச் சொந்தப் பிழை வகை இம்போர்ட்எரரின் வாரிசாக இருக்கட்டும். உங்கள் ஃப்ரேம்வொர்க்கின் மேல் எழுதுபவர்கள் ஏற்கெனவே இம்போர்ட்எரரைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர்கள் நிரல் உடையாது. எழுப்பும்போது 'ஃப்ரம்' சேர்த்து மூலப் பிழையையும் ஒட்டிவிடுங்கள்.

எப்போது சொல்வது

ஃபங்ஷனுக்குள் இம்போர்ட் செய்தால் கேட்கும்போது சொல்லிவிடும். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் கடையில் 'கேட்கும்போது' என்பது சில நேரம் மிகத் தாமதம். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை, கடையில் பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது, முதல் ரசீதை அச்சிடப் போகையில் 'பைத்தான்-எஸ்க்பாஸ் இல்லை' என்று தெரிந்து என்ன பயன்?

அமைப்புக் கோப்பில் 'பிரிண்டர்: தெர்மல்' என்று எழுதியிருந்தாலே, பயனர் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று பொருள். ஆகவே தொடங்கும்போது அமைப்புக் கோப்பைப் படித்து, அதில் இயக்கப்பட்ட ஒவ்வொரு வசதிக்கும் 'தேவை'யை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இல்லாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி நிற்காமல், எல்லாவற்றையும் சேகரித்து ஒரே செய்தியாகச் சொல்லுங்கள். ஒன்றை நிறுவி, திரும்பத் தொடங்கி, அடுத்ததைக் கண்டுபிடித்து, இப்படி நாலு முறை அலையவிடக்கூடாது. இயக்கப்படாத வசதிகளைப் பற்றி மூச்சுவிடக் கூடாது.

இணையதளங்களுக்கான பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ இதைச் செய்யும் விதம் அழகானது. தரவின் அமைப்பைச் சொல்லும் ஒரு மாடலில், படத்துக்கான இமேஜ்ஃபீல்டைப் பயன்படுத்தி, பில்லோவை நிறுவாமல் விட்டிருந்தால், சர்வர் தொடங்கும்போதே ஜாங்கோவின் சரிபார்ப்பு அமைப்பு, பில்லோ இல்லாததால் இமேஜ்ஃபீல்டைப் பயன்படுத்த முடியாது என்று இ210 என்ற குறியோடு சொல்லும். முதல் படம் பதிவேறும் வரை காத்திருக்காது. இமேஜ்ஃபீல்டே இல்லாத திட்டத்தில் பில்லோவின் பெயரைக்கூட எடுக்காது.

சத்தமில்லாமல் வேறொன்றைச் செய்வது

இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. தமிழில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலிவான தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது. தமிழ் ரசீதை முதலில் பில்லோவால் படமாக வரைந்து, அந்தப் படத்தைத்தான் பிரிண்டருக்கு அனுப்புகிறோம். 80 மில்லிமீட்டர் தாளுக்குப் பொதுவாக 576 புள்ளி அகலம், 58 மில்லிமீட்டர் தாளுக்கு 384.

பில்லோவுக்கு எழுத்தை அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'பேசிக்': எழுத்துகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். மற்றது 'ராக்ம்': எழுத்துருவின் விதிகளைப் படித்து, கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்தி, 'மு', 'கு' போன்றவற்றைச் சேர்த்து எழுதும். தமிழுக்கு இதுதான் வேண்டும். ராக்ம் கிடைத்தால் பில்லோ அதைப் பயன்படுத்தும். கிடைக்காவிட்டால், நீங்கள் எதையும் குறிப்பிடாத நிலையில், சத்தமில்லாமல் பேசிக்கிற்கு இறங்கிவிடும்.

பில்லோவின் ஆயத்த வீல்களில் 8.2 பதிப்பு முதல் ராக்ம் சேர்ந்தே வருகிறது. ஆனால் அதற்கு ஃப்ரிபிடி என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும்; அதை ஓடும் நேரத்தில்தான் தேடும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் அந்த டிஎல்எல்லை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

விளைவைப் பாருங்கள். நிரலாளரின் லினக்ஸ் கணினியில் 'பெருஞ்சீரகம்' அழகாக அச்சாகிறது. அதே நிரல், அதே பில்லோ பதிப்பு, லெபோ பாசார் கடையின் விண்டோஸ் கணினியில் ஓடும்போது, முதலில் 'ப' வருகிறது, அதன் பின்னால் கொம்பு வருகிறது, அடுத்து 'ரு'. கொம்பு 'ரு'வோடு ஒட்டியதுபோல் தெரியும். உகரக் குறியும் எழுத்தோடு சேராமல் தனியே தொங்கும். 'கொத்தமல்லி'யில் 'க'வுக்குப் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்து நிற்கும். பிழை எதுவும் எழவில்லை. பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. பிரிண்டர் தாளை வெட்டித் தந்துவிட்டது. வாங்கியவர் கையில் பிழையான தமிழ்.

இதற்குத் தீர்வு எளிது. தமிழ் ரசீது இயக்கப்பட்டிருந்தால், தொடங்கும்போது பில்லோவின் ஃபீச்சர்ஸ்.செக் ஃபங்ஷனிடம் 'ராக்ம்' இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிறுத்தி, ஃப்ரிபிடி வேண்டும் என்று சொல்லுங்கள். ஆங்கில ரசீது மட்டும் போதும் என்கிற கடையில் இந்தச் சோதனையே வேண்டாம். விருப்ப லைப்ரரிக்குள்ளும் ஒரு விருப்ப லைப்ரரி இருக்கலாம் என்பதை இதிலிருந்து கவனியுங்கள். 'பில்லோ இருக்கிறதா' என்ற கேள்வியோடு நின்றிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

பதிலுக்கு வேறொன்றைப் பயன்படுத்துவது எப்போதும் தவறா? இல்லை. வேகம் மட்டும் மாறினால் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளலாம். விளைவு மாறினால் கூடாது. யாம்ல் கோப்புகளைப் படிக்கும் பையாம்லில் சி மொழியில் எழுதிய லோடர் இருந்தால் அது, இல்லாவிட்டால் பைத்தான் லோடர் என்பது வழக்கமான, பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் 'வேகம் மட்டும்தான்' என்று நினைப்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேகத்துக்காக, ஜேசன் என்ற தரவு வடிவத்தை எழுத ஓர்ஜேசன் லைப்ரரி இருந்தால் அது, இல்லாவிட்டால் பைத்தானின் ஜேசன் என்று பலர் எழுதுகிறார்கள். ஓர்ஜேசன் பைட்டுகளைத் தரும், பைத்தானின் ஜேசன் சரத்தைத் தரும். எண் அல்லாத மதிப்பான 'நான்' வந்தால் ஓர்ஜேசன் 'நல்' என்று எழுதும். மற்றது 'நான்' என்றே எழுதிவிடும், அது செல்லுபடியாகும் ஜேசனே அல்ல. ஒரு கணினியில் ஏற்கப்படும் கோப்பு இன்னொன்றில் தள்ளப்படும்.

ஃபோல்டர் அமைப்பு

ஒவ்வொரு விருப்ப வசதிக்கும் தனி மாட்யூல் வையுங்கள்: கல்லா.எக்செல், கல்லா.ரசீது, கல்லா.இன்வாய்ஸ். விருப்ப லைப்ரரியின் கிளாஸை வாரிசாகக் கொள்ளும் கிளாஸ்களை ஃபங்ஷனுக்குள் இம்போர்ட் செய்து எழுதுவது சிரமம். அவற்றைத் தனி மாட்யூலில் வைத்தால், அந்த மாட்யூலின் தலையில் 'தேவை'யை அழைத்துவிடலாம்.

பேக்கேஜின் தொடக்கக் கோப்பு, அதாவது இனிட் கோப்பு, இந்த மாட்யூல்களை இழுக்கக்கூடாது. நன்கு கட்டிய ஃப்ரேம்வொர்க்குகளும் உடைவது இங்கேதான். யாராவது ஒருவர், பயனருக்குச் சுருக்கமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் அங்கே ஓர் இம்போர்ட் வரியைச் சேர்ப்பார். அவர் கணினியில் எல்லா லைப்ரரியும் இருப்பதால் எல்லாம் ஓடும். வெளியிட்ட மறுநாள், வெறும் கல்லாவை நிறுவிய அனைவருக்கும் உடையும்.

வகைக் குறிப்புகளுக்கு மட்டும் லைப்ரரி தேவைப்பட்டால், டைப்பிங் மாட்யூலின் டைப்_செக்கிங் நிபந்தனைக்குள் அந்த இம்போர்ட்டை வைத்து, குறிப்பைச் சரமாக எழுதுங்கள். வகை சரிபார்க்கும் கருவி அதைப் பார்க்கும், ஓடும் நிரல் பார்க்காது.

இன்னொரு கைப்பழக்கம். பயனர் கொடுத்த பொருள் ஒரு பாண்டாஸ் டேட்டாஃப்ரேமா (பாண்டாஸின் அட்டவணையா) என்று அறிய வேண்டும், அதற்காகப் பாண்டாஸை ஏற்ற மனமில்லை. சிஸ்.மாட்யூல்ஸில் பாண்டாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால், அந்த நிரலில் யாரும் அதை இன்னும் ஏற்றவில்லை. கொடுத்த பொருள் டேட்டாஃப்ரேமாக இருக்க வழியே இல்லை.

சோதனை

உங்கள் கணினியில் எல்லாம் இருக்கும். 'இல்லாத' நிலை உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. ஆகவே தானியங்கிச் சோதனையில் குறைந்தது இரண்டு சூழல்கள் வேண்டும்: வெறும் கல்லா மட்டும் நிறுவியது ஒன்று, எல்லா எக்ஸ்ட்ராவும் நிறுவியது ஒன்று. இயன்றால் மூன்றாவதாக, ஒவ்வொரு லைப்ரரியின் குறைந்தபட்சப் பதிப்பையும் நிறுவிய சூழல். நீங்கள் எழுதிய கீழ் எல்லை உண்மையா என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் இம்போர்ட்ஆர்ஸ்கிப் என்று ஒன்று உண்டு. லைப்ரரி இல்லாவிட்டால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போகும். வெறும் சூழலில் இது சரி. முழுச் சூழலில் இது பொறி. யாரோ எக்ஸ்ட்ராவின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால், பிப் எச்சரித்துவிட்டுப் போய்விடும், எக்செல் சோதனைகள் எல்லாம் தாண்டிப் போகும், முடிவு பச்சையாக வரும். முழுச் சூழலில் ஒரு சோதனை தாண்டப்பட்டாலும் தோல்வியாகக் கணக்கிடுங்கள்.

பிழைச் செய்தியையும் சோதிக்க வேண்டும். லைப்ரரியை நீக்காமலே அது இல்லாததுபோல் நடிக்க வைக்கலாம்: பைடெஸ்ட்டின் மங்கிபேட்ச் மூலம் சிஸ்.மாட்யூல்ஸில் அந்தப் பெயருக்கு நன் மதிப்பைப் போடுங்கள். அதன் பின் அதை இம்போர்ட் செய்தால் மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் வரும். நம் 'தேவை' ஃபங்ஷன் சரியான எக்ஸ்ட்ராவின் பெயரோடு பிழை எழுப்புகிறதா என்று பார்த்துவிடலாம். சோதனை முடிந்ததும் மங்கிபேட்ச் பழையபடி மாற்றி வைத்துவிடும். 'தேவை' முடிவுகளை நினைவில் வைத்திருந்தால், அந்த நினைவையும் சோதனைக்கு முன் அழித்துவிடுங்கள்.

மற்ற மொழிகளில்

பெயரை நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கு, ஜாவாஸ்கிரிப்டின் நிறுவல் கருவியான என்பிஎம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 'ஆப்ஷனல்டிபெண்டன்சிஸ்' என்றால் 'பயனர் கேட்டால் நிறுவு' என்று பொருள் இல்லை. 'எல்லாருக்கும் நிறுவப் பார், முடியாவிட்டால் விட்டுவிடு' என்று பொருள். பைத்தான் எக்ஸ்ட்ராவுக்கு நெருக்கமானது, பியர் டிபெண்டன்சியாக (பயன்படுத்துபவரே தம் திட்டத்தில் வைத்திருக்க வேண்டிய லைப்ரரியாக) அறிவித்து, 'பியர்டிபெண்டன்சிஸ்மெட்டா'வில் விருப்பம் என்று குறிப்பது. ஜாவாவின் மேவனில் 'ஆப்ஷனல்' என்று குறித்தால், உங்களைப் பயன்படுத்துபவருக்கு அது தானாக வராது. அங்கே லைப்ரரி இல்லாதபோது வரும் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் என்பது எக்ஸெப்ஷன் வகை இல்லை, எர்ரர் வகை. எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் வலையில் அது சிக்காது. பிஎச்பியின் கம்போசரில் 'சஜஸ்ட்' என்பது வெறும் பரிந்துரை, எதையும் நிறுவாது.

பிறகு மனம் மாறினால்

கட்டாயமாக இருந்த லைப்ரரியை விருப்பமாக மாற்றுவது சிறிய வேலைபோலத் தெரியும். ஒரு வரியை ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதுதானே? ஆனால் நேற்றுவரை வெறும் கல்லாவை நிறுவி எக்செல் எழுதிக்கொண்டிருந்த சேலைக் கடைக்கு, புதுக் கணினியில் நிறுவும்போது எக்செல் வராது. ஆகவே இரண்டு படிகளில் செய்யுங்கள். முதலில் ஒரு பதிப்பில், ஓபன்பைஎக்செல் கட்டாயமாகவே இருக்கட்டும், 'எக்செல்' என்ற எக்ஸ்ட்ராவையும் சேர்த்து, இனிமேல் அப்படி நிறுவச் சொல்லி அறிவியுங்கள். அடுத்த பெரிய பதிப்பில் கட்டாயத்திலிருந்து எடுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரு வசதிக்கு இனி வெளி லைப்ரரியே தேவையில்லை என்றானால், அந்த எக்ஸ்ட்ராவின் பெயரை நீக்காமல் வெற்றுப் பட்டியலாக விட்டுவையுங்கள். நீக்கினால் பிப் எச்சரிக்கை மட்டும்தான் தரும், நிறுவல் உடையாது. ஆனாலும் எத்தனையோ கடைகளின் நிறுவல் கோப்புகளில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அங்கே பொருளற்ற ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் யார் கண்ணிலும் அது படாது.